இலை டாக்டரின் இஸ்திரிப் பெட்டி

என் அக்கா புருஷனைத் தெருவில் எல்லோரும் 'இலை டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கிண்டல், மீதிப் பேருக்கு நிஜமான நம்பிக்கை. அவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கூப்பிட்டால் போதும், கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை அரைவாசி மூடி, "சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்று ஆரம்பித்துவிடுவார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்பதற்காக நான் அவரை இளக்காரமாகப் பேசவில்லை. எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர்களில் எத்தனையோ புத்திசாலிகள் இருக்கிறார்கள். அந்த வரிசையில் இவர் இல்லை, அவ்வளவுதான்.

அவருடைய உண்மையான தொழில் இஸ்திரி போடுவது. வீட்டின் முன்னறைதான் கடை. நீளமான மேசை, அதன்மேல் மடித்து விரித்த கம்பளி, கம்பளிக்கு மேலே ஒரு பழைய வெள்ளைத் துணி, ஓரத்தில் தண்ணீர் தெளிக்க ஒரு கிண்ணம், சுவரோரக் கம்பியில் வரிசையாகத் தொங்கும் சட்டைகள். உள்ளதைச் சொல்ல வேண்டும். சட்டைக் காலரை அவரைப் போலத் தேய்க்க இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. வங்கி மேனேஜரும் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரும் அவர் தேய்த்த சட்டையைத்தான் போடுவார்கள். ஆனால் கடவுள் கொடுத்த அந்த ஒரே திறமை இந்தத் துரைக்கு மட்டமாகப் பட்டது.

"துணியைத் தூக்கிப் போட்டுட்டுப் போறான். மூஞ்சியைக்கூட நிமிந்து பாக்க மாட்டேங்கிறான்" என்று அக்காவிடம் புலம்புவார்.

மரியாதை வேண்டுமாம். ஏங்கினார் மனிதர். ஏங்கட்டும், யார் வேண்டாம் என்றது? அதற்கு என் அக்காவின் ரத்தம்தானா கிடைத்தது?

நான் அடுத்த தெருவில் இருக்கிறேன். பெண்கள் பள்ளியில் மனையியல் டீச்சர். எந்தக் காய்கறியில் என்ன சத்து, எதை எவ்வளவு நேரம் வேகவைத்தால் எது வீணாகும் என்று பாடம் நடத்திப் பிழைக்கிறவள். இது தெரிந்துதான் அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எனக்கும் அப்படித்தான், அதிலாவது நாங்கள் ஒற்றுமை.

அவர்கள் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்கும் சாக்கடைக்கும் நடுவில், ஒரு பப்பாளி தானாக முளைத்தது. சோப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்து நெடுநெடுவென்று வளர்ந்தது. பூத்தது, கொத்துக் கொத்தாகப் பூத்தது, ஆனால் ஒரு பிஞ்சுகூட வைக்கவில்லை. ஆண் மரம். "வெட்டிப் போடுங்க, கொசுதான் சேருது" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். வெட்டுவதற்கு அரிவாளை எடுக்கவும் இவருக்குச் சோம்பல். அந்தச் சோம்பல்தான் மரத்தையும் காப்பாற்றியது, அவரையும் டாக்டர் ஆக்கியது.

பக்கத்துக் கடைத் தையல்காரருக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன என்று சொன்னதும், அவர் மனைவி யாரோ சொன்னதைக் கேட்டு, அக்கா வீட்டுக் கொல்லையிலிருந்து பப்பாளி இலை பறித்து இடித்துச் சாறு பிழிந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். தையல்காரர் எழுந்து வந்துவிட்டார். பாட்டிலை யாரும் பேசவில்லை. நர்சுகளை யாரும் பேசவில்லை. மரம் பேசப்பட்டது. மரத்துக்குச் சொந்தக்காரர் பேசப்பட்டார்.

அன்றிலிருந்து அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இலைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பச்சை இலையில் உயிர்ச்சத்து ஏ இருக்கிறது, சி இருக்கிறது, ஈ இருக்கிறது. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் இருக்கின்றன. காம்பை உடைத்தால் வடிகிற பாலில், கடினமான கறியையும் பூப்போல ஆக்கிவிடும் நொதி இருக்கிறது. உலர்த்தினால் நீர் போய்விடும், எடைக்கு எடை பார்த்தால் நாரும் தாதுவும் உலர்ந்த இலையில்தான் கூடுதல். ஆனால் சூட்டுக்கும் வெயிலுக்கும் தாங்காத சத்துகள், முக்கியமாக சி, பாதியில் கழன்றுகொள்ளும். டெங்குவில் தட்டணுக்கள் சற்றுச் சீக்கிரம் ஏற உதவுகிறது என்று சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன, முடிந்த முடிவாக யாரும் சொல்லவில்லை. காய்ச்சல் இறங்கும்போது அவை தாமாகவும் ஏறும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. இவ்வளவுதான் விஷயம். ஓர் இலைக்கு இதுவே பெரிய பெருமை.

அத்தானுக்கு இது போதவில்லை. சர்க்கரைக்கு இலை, முட்டிவலிக்கு இலை, முடி கொட்டுவதற்கு இலை, பரீட்சையில் பெயிலான பையனுக்குக்கூட இலை. "ஆண் மரத்து இலைக்குத்தான் வீரியம். பழத்துக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் இலையிலேயே தங்கிடுது பாருங்க" என்று ஒரு புதுக் கதை வேறு. அந்த மரம் பழம் வைக்காததற்கு இத்தனை பெரிய காரணம் இருக்கிறது என்று மரத்துக்கே தெரிந்திருக்காது.

பச்சை இலை கேட்டு வருகிறவர்கள் மரத்தை மொட்டையடித்துவிடுவார்கள் போலிருந்தது. அதனால் பொடிக்கு மாறினார். நிழலில் காயவைத்து, இடித்து, சலித்து, சட்டைக் காலருக்குள் வைக்கிற அட்டையும் தாளும் கொண்டு பொட்டலம் கட்டினார். பொட்டலத்தைப் பார்த்தால் மடித்த சட்டை மாதிரியே இருக்கும், மூலை மூலைக்கு அவ்வளவு சுத்தம். அதிலாவது தொழில் தெரிந்தது.

மழைக்காலம் வந்தது. இலை காயவில்லை. முன்னறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டார், கறுத்துப்போய்ப் பூசணம் பிடித்தது. பொட்டலத்துக்கு ஆட்கள் வந்து நிற்கிறார்கள். என்ன செய்தார் தெரியுமா? நான் ஒருநாள் அக்காவைப் பார்க்கப் போனபோது, மேசைமேல் பப்பாளி இலைகளை வரிசையாக விரித்து, மேலே ஒரு வேட்டியைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அறை முழுக்கக் கசந்த வாடை.

"என்ன அத்தான் இது?"

"காய வைக்கிறேன்."

"சூடு பட்டா அதுல இருக்கிறதெல்லாம் போயிடும். இதுக்கு நீங்க வேப்பிலைத் தூளைக் கட்டிக் குடுக்கலாம், கசப்பாவது நிஜமா இருக்கும்."

"டீச்சர், பட்டுக்கு ஒரு சூடு, பருத்திக்கு ஒரு சூடு. எனக்குத் தெரியாத சூடா?" என்று பெட்டியின் குமிழைப் பட்டுக்குத் திருப்பி வைத்திருந்ததைப் பெருமையாகக் காட்டினார்.

நான் சிரித்துவிட்டேன். பப்பாளி இலையைப் பட்டுச் சேலையாக நினைத்த மகானை நீங்கள் வேறெங்கே பார்க்க முடியும்? அந்த வாரமே வங்கி மேனேஜரின் வெள்ளைச் சட்டை முதுகில் ஐந்து விரல் விரித்தாற்போலப் பச்சைக் கறையோடு போனது. மேனேஜர் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து கத்தினார். "சாயம் போகிற சட்டையை வாங்கினா நான் என்ன சார் பண்றது?" என்று இவர் அவரையே மடக்கினார். வெள்ளைச் சட்டையில் என்ன சாயம் போகும் என்று அந்த மனிதருக்குக் கேட்கத் தோன்றவில்லை. போகும்போது மாமியாருக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார். இப்படிப்பட்ட ஊரில் இவர் டாக்டர் ஆகாமல் என்ன செய்வார்?

இதுவரைக்கும் வெறும் கூத்து. நானும் வேடிக்கை பார்த்தேன். அக்கா விஷயத்தில்தான் வயிறு எரிகிறது.

அக்காவுக்கு இதயத்தில் வால்வு மாற்றி அறுவை சிகிச்சை ஆனது. ரத்தம் உறையாமல் இருக்க அவள் தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும், ஆயுசுக்கும். கூடினால் ரத்தக் கசிவு, குறைந்தால் வால்வில் கட்டி. கத்திமேல் நடப்பது மாதிரி அளவு பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்கள். அதற்காக அவ்வப்போது ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போதே நர்ஸ் சொல்லி அனுப்பினாள், நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்: எங்களைக் கேட்காமல் வேறு எந்த மாத்திரையோ மூலிகையோ சேர்க்காதீர்கள். அத்தானும் கேட்டார். அவர் காதில் விழுந்தது, மண்டைக்குப் போகவில்லை.

அக்கா ஓர் அப்பாவி. புருஷன் சொன்னால் வேதவாக்கு. அவர் தேய்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டு, அவர் அளந்துவிடுவதையெல்லாம் வாயைத் திறந்து கேட்பாள். ஊரே இலை குடிக்கும்போது டாக்டர் பெண்டாட்டி குடிக்காவிட்டால் மரியாதையா? காலையில் பச்சைச் சாறு, சாயங்காலம் இஸ்திரி போட்ட பொடியில் கஷாயம். "ரத்தம் சுத்தமாகும், மாத்திரையையே விட்டுடலாம்" என்று அவர் சொல்ல, இவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் சத்தம் போடுவேன், அவர் மனசு கஷ்டப்படும் என்று மறைத்தாளாம். அவர் மனசு!

அன்று பள்ளிக்கூட விடுமுறை. போனேன். அக்கா சமையலறையில் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது. கையைப் பிடித்தேன், முழங்கைக்குக் கீழே நீலம் நீலமாகத் திட்டுகள்.

"எங்கே இடிச்சுக்கிட்ட, அக்கா?"

"இடிக்கலடி. தானா வருது."

வாயைத் திறந்தாள். ஈறெல்லாம் ரத்தம். பக்கத்தில் ஒரு டம்ளர், அடியில் பச்சைச் சக்கை. எனக்குப் புரிந்துவிட்டது.

முன்னறைக்கு ஓடினேன். அத்தான் தபால்காரருக்கு மூட்டுவலிக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்காவுக்கு ரத்தம் வருது, என்ன உக்காந்து கதை பேசுறீங்க?"

"பதறாதே டீச்சர். கழிவு வெளியேறுது. ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும், அப்புறம் பாரு, உடம்பு தங்கமா ஆயிடும்."

"கழிவா? அது ரத்தம்! உங்க வாயில ஒண்ணு போட்டா வருமே, அதே ரத்தம்!"

தபால்காரர் எழுந்து நின்றார். நான் ஆட்டோவைக் கூப்பிட்டு, அக்காவைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தேன். வண்டி கிளம்புகிற நேரத்தில் இவரும் வந்து ஏறினார், சட்டை மாற்றிக்கொண்டு. தேய்த்த சட்டை. காலர் கத்தி மாதிரி நின்றது.

அவசரப் பிரிவில் இளவயது டாக்டரம்மா ஒருத்தி. அக்காவின் கையைப் பார்த்தாள், ஈறைப் பார்த்தாள், மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தாள். ரத்தம் எடுத்து அனுப்பினாள். முடிவு வந்ததும் முகம் மாறியது.

"ரத்தம் ரொம்ப மெலிஞ்சு போயிருக்கு. மாத்திரையை அதிகமாப் போட்டாங்களா?"

"இல்ல டாக்டர். தினமும் ஒண்ணுதான்" என்றேன் நான். அட்டையில் மிச்சமிருந்த மாத்திரையும் அதையே சொன்னது.

அவள் அத்தானைப் பார்த்துத் திரும்பினாள். கூடவே இருக்கிற புருஷன் அவர்தானே.

"வேற ஏதாவது குடுத்தீங்களா? நாட்டு மருந்து, இலை, பொடி, கஷாயம், எதுவானாலும் சொல்லுங்க. தெரிஞ்சாதான் எதை நிறுத்தணும், எவ்வளவு நேரம் வெச்சுப் பாக்கணும்னு நான் முடிவு பண்ண முடியும்."

நான் வாயைத் திறக்கப் போனேன், திறக்கவில்லை. இவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். மேனேஜருக்குச் சொன்னவர், தபால்காரருக்குச் சொன்னவர், பால் பாக்கெட் போடுகிறவரையும் நிறுத்திவைத்துச் சொன்னவர். இலையைப் பற்றி ஒரு டாக்டரே கேட்கிறாள். வாழ்நாளெல்லாம் இதற்காகத்தானே காத்திருந்தார்?

அத்தான் தரையைப் பார்த்தார். காலரை ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

"ஒண்ணும் குடுக்கலீங்க" என்றார்.

"டாக்டர்" என்று நான் ஆரம்பிப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"பப்பாளி இலைச் சாறும்மா." அக்காவுக்குப் பேசவே சிரமமாக இருந்தது. ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "காலையில பச்சைச் சாறு. சாயங்காலம் பொடி போட்டுக் கஷாயம். ஒரு மாசத்துக்கு மேல குடிக்கிறேன்."

சொல்லும்போது அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள். அவர் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா திட்டக்கூட இல்லை. குறித்துக்கொண்டாள். "பப்பாளி சேர்ந்தா இந்த மாத்திரையோட வேகம் கூடலாம்னு ஒரு சந்தேகம் இருக்கு. அதுதான் காரணம்னு இப்ப அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. அதை உடனே நிறுத்திடுங்க" என்று அக்காவிடமே சொல்லிவிட்டு, நர்சைக் கூப்பிட்டு ஊசி எழுதினாள். மூளையில் கசிவு இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள். அந்த முடிவு வருகிறவரை நான் இருந்த இருப்பை இங்கே எழுத மாட்டேன். கசிவு இல்லை.

அத்தான் வெளியே நடைபாதையில் நின்றார். நான் வந்ததும், "நான் சொல்லலாம்னுதான் இருந்தேன். பெரிய படிப்புப் படிச்சவங்க, நம்ம இலையெல்லாம் சொன்னா சிரிப்பாங்களேன்னு" என்று இழுத்தார்.

"அக்கா செத்துப் போயிருந்தா சிரிச்சிருக்க மாட்டாங்க, இல்ல?" என்றேன். அப்புறம் அக்கா அங்கே இருந்த நாள்வரைக்கும் அவரோடு நான் பேசவில்லை.

அளவு சரியாகி, மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டு வாசலில் தெரு ஆட்கள் சிலர் நின்றிருந்தார்கள். தையல்காரர், தபால்காரர், சட்டை வாங்க வந்த மேனேஜர். அக்காவை நான் உள்ளே படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். முன்னறைக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

"எப்படி இருக்காங்க?" என்று தபால்காரர் கேட்டார்.

அத்தானுக்கு வெட்கம் என்று ஒன்றைப் பிறக்கும்போதே வைக்க மறந்துவிட்டார்கள். கழுத்தைச் சாய்ப்பது எனக்குத் திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது.

"இப்பத் தேவலை. ஆஸ்பத்திரிக்காரங்களுக்கே ஆச்சரியம். இவ்வளவு ரத்தம் போயும் எப்படித் தாங்கினாங்கன்னு. நமக்குத்தானே தெரியும், ஒரு மாசமா உள்ள போன இலை சும்மா இருக்குமா? அதுதான் தாங்கிப் பிடிச்சிருக்கு."

மேனேஜர் "ஓஹோ" என்றார். நான் எழுந்தேன், இன்றைக்கு இவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று. அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளே மெதுவாக எழுந்தாள். சுவரைப் பிடித்து நடந்துபோய்த் திரையை ஒதுக்கினாள்.

கல்யாணமான இந்த இருபத்தாறு வருஷத்தில் அவள் மற்றவர்கள் முன்னால் அவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அன்றும் குரல் உயரவில்லை.

"என்னங்க" என்றாள். "டாக்டரம்மா கேட்டப்ப இதைச் சொல்லியிருக்கலாம்ல?"

அத்தான் இஸ்திரி மேசைப் பக்கம் திரும்பினார். கையில் மேனேஜர் சட்டை.

"ஒண்ணும் குடுக்கலன்னு சொன்னீங்க. நான் சாகக் கெடக்கறேன், ஒண்ணும் குடுக்கலன்னு சொன்னீங்க. கசப்பு தாங்காம வாந்தி வரும், நீங்க வருத்தப்படுவீங்கன்னு முழுங்குவேன். உங்களுக்கு நம்பிக்கை இருக்குன்னு நெனைச்சுத்தாங்க குடிச்சேன்."

தபால்காரர் பையில் வைத்திருந்த பொட்டலத்தை எடுத்து, யாரையும் பார்க்காமல் மேசை ஓரத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். மேனேஜர் தேய்க்காத சட்டையையே அவர் கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டு கிளம்பினார். தையல்காரர் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு அவரும் போய்விட்டார்.

அக்கா திரும்பி வந்து படுத்தாள். "அந்த மரத்தை வெட்டச் சொல்லட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"மரம் என்னடி பண்ணுச்சு?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.